இரண்டு புள்ளிக்காரர்

“ஏனுங் டீச்சர், எம் பொண்ணு எப்பருந்துங்க சரிய ஆரம்பிச்சா?” என்று கேட்டார் தனபால்.

அன்று செவ்வாய்க்கிழமை. கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் செய்முறை வகுப்பு எடுக்கும் தற்காலிக ஆசிரியை நான். அவர் என் மாணவி அனுப்பிரியாவின் அப்பா. எருத்தேன்பதியில் தென்னந்தோப்பு, ஊடுபயிராகத் தட்டைப்பயறு.

“அவ சரியலைங்களே அண்ணா,” என்றேன்.

“சிஞ்சு டீச்சர் எழுதியிருக்காங்களேங்க,” என்று உயிரியல் விடைத்தாளை என் மேசைமேல் விரித்தார். வகுப்பாசிரியை சிஞ்சு சிவப்பு மையில் மலையாளத்தில் இரண்டு சொல் எழுதியிருந்தார். தனபாலுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. மகளையே படிக்கச் சொல்லியிருக்கிறார். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்த அவளும் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள்: ‘சரிவு கூடுதல்.’

“அது அப்படி இல்லைங்க. மலையாளத்துல சரிவுன்னா...”

“எந்த பாஷையில சரிஞ்சாலும் சரிவுதானுங்களே. மொத டெஸ்டுல இருவதுக்குப் பதினேழு. இப்பப் பதிமூணு. நாலு எறங்கியாச்சு. அடுத்ததுல ஒம்பது, அப்பறம் அஞ்சு, அஞ்சாவது டெஸ்டுல ஒண்ணு.” அவருடைய ஆள்காட்டி விரல் காற்றில் சாய்வாக இறங்கிக்கொண்டே வந்தது. மேசை தடுத்தது. விரலை மேசைக்கு அடியிலும் கொண்டுபோனார். “இப்படியே போனா ஆறாவதுல மைனஸ் மூணுங்க.”

“மைனஸ்ல மார்க் போட மாட்டாங்க அண்ணா.”

“போட மாட்டாங்க. ஆனா அவ அங்கதானுங்க இருப்பா.”

நான் யோசித்து முடிப்பதற்குள் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து வைத்தார். “குரூப் மாத்தற ஃபாரமுங்க. பயாலஜிலிருந்து காமர்ஸுக்கு. கையெழுத்துப் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி. சிஞ்சு டீச்சர் பேசற வெசைக்கு என்னால ஈடு குடுக்க முடியாதுங்க. நீங்க நம்ம பக்கம். நீங்களே ஆபீஸ்ல குடுத்துருங்க.”

போய்விட்டார். வாசலில் அனுப்பிரியா நின்றிருந்தாள். பயாலஜிதான் வேண்டும் என்று வீட்டில் ஒன்றரை நாள் சாப்பிடாமல் கிடந்து அந்த குரூப்பை வாங்கியவள். மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“செடிக்குத் தண்ணி ஊத்தட்டுங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டாள்.

தனபாலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேறு பெயரில், வேறு ஊரில், வேறு சட்டையில். எருத்தேன்பதி மண்ணுக்கு மட்டும் ஒத்துவருகிற பயிர் இல்லை இது. இந்த இனத்துக்கு ‘இரண்டு புள்ளிக்காரர்’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உலகத்தில் எந்த இரண்டு காரியம் அடுத்தடுத்து நடந்தாலும் அவற்றை இரண்டு புள்ளிகளாக வைத்து, மனசுக்குள் ஒரு ஸ்கேலைப் போட்டு, கோட்டை இழுத்து, தாள் முடிந்தபின் மேசைமேல் இழுத்து, மேசை முடிந்தபின் சுவரில் இழுத்து, அப்படியே வாசல் வழியாகத் தெருவுக்குக் கொண்டுபோய், வருகிற ஆவணி மாதம் வரைக்கும் விடாமல் இழுத்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். மூன்றாவது புள்ளிக்காகக் காத்திருக்க மாட்டார். எதற்குக் காத்திருக்க வேண்டும்? கோடுதான் கையில் இருக்கிறதே!

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். “இப்படியே போனா” என்பார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல் காதில் விழுந்ததும் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. ஏனென்றால் அடுத்த அரை மணி நேரத்துக்கு நீங்கள் வருங்காலத்தில் இருக்கப் போகிறீர்கள்.

பொள்ளாச்சி போகிற காலை வண்டி திங்கட்கிழமை ஐந்து நிமிடம் தாமதம், செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம். “இப்படியே போனா அடுத்த மாசம் காலை வண்டி மத்தியானச் சோத்துக்குத்தானுங்க வரும்,” என்று நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் கணக்குச் சொல்வார். புதன்கிழமை பதினைந்து நிமிடம் தாமதமாகத்தான் வரும் என்று நிதானமாகப் புறப்பட்டு வருவார். வண்டி அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்து, போயும் போயிருக்கும். கோடு தப்பு என்று ஒப்புக்கொள்வாரா? மாட்டார். “இன்னிக்கு வண்டில என்னமோ கோளாறு,” என்பார்.

கணவன் திங்கட்கிழமை நான்கு இட்லி சாப்பிட்டான், செவ்வாய்க்கிழமை மூன்று. புதன்கிழமை அந்த வீட்டு இரண்டு புள்ளிக்காரி அரிசியைக் குறைத்து ஊறப்போட்டுவிட்டு, கோயம்புத்தூரில் எந்த டாக்டர் நல்லவர் என்று தங்கைக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். செவ்வாய்க்கிழமை சட்னியில் உப்பு அதிகம் என்பது அவளுக்குத் தோன்றவே தோன்றாது.

எல்லாரும் சோகமானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். மேல்நோக்கிக் கோடு இழுக்கிறவர்களும் உண்டு, அவர்கள் இன்னும் ஆபத்து. குழந்தை போன வாரம் ‘த்தா’ என்றது, இந்த வாரம் ‘அத்தா’ என்றது. இப்படியே போனால் கலெக்டர்! சந்தேகம் இருந்தால் அந்தக் குழந்தையின் அத்தையைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த இனத்தைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணம் என் வேலை. வரைபடத்தைப் பார்த்துச் சாய்வு கணக்கிடுவது எப்படி என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன். உயிரியலில் இது என்னத்துக்கு என்று கேட்பீர்கள். செடி வளரும், எச்சில் மாவைக் கரைக்கும், இலையிலிருந்து நீர் ஆவியாகும். எவ்வளவு என்று கேட்டால் அளவுகோல் சொல்லும். எவ்வளவு வேகமாக என்று கேட்டால் சாய்வுதான் சொல்ல வேண்டும். கோட்டில் இரண்டு இடம் எடு. எவ்வளவு உயர்ந்தது என்று பார். அதற்கு எத்தனை நாள் ஆனது என்று பார். அதை இதனால் வகு. ஒரு நாளைக்கு இத்தனை சென்டிமீட்டர். முடிந்தது. கோடு வளைந்திருந்தால் மட்டும் கவனம்: ஓரிடத்துச் சாய்வு அந்த இடத்துக்குத்தான் சொந்தம், அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகக்கூடாது.

இதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போடுவேன். எல்லாரும் எழுதிக்கொள்வார்கள். பிறகு ஆளுக்கொரு தப்புச் செய்வார்கள், தப்பைப் பார்த்தே வீட்டைச் சொல்லிவிடலாம். எந்த வரைபடத்தையும் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்குகிற பையனுடைய அப்பா, “ஒண்ணுமில்லாம வந்து இவ்வளவு பண்ணியிருக்கறனுங்க,” என்று சொல்லாமல் பேச்சை முடிப்பதே இல்லை. அவருக்கு முன்னால் அவருடைய அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் வரைபடத்தில் வராது. அலகு எழுத மறக்கிற பெண்ணின் அம்மாவோ, “ரொம்ப மோசமாப் போச்சு,” என்பார். எது, எத்தனை நாளில் என்று நாம் கேட்கக் கூடாது.

அனுப்பிரியா செய்தது இன்னொரு தப்பு. அவள் தட்டைப்பயறு முளைக்கவைத்து, தினம் அளந்து, அழகாக வரைபடம் போட்டிருந்தாள். மேல்நோக்கி ஒரு கட்டத்துக்கு ஒரு சென்டிமீட்டர். பக்கவாட்டில் ஒரு கட்டத்துக்கு இரண்டு நாள். அதை அவளே ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தாள். அந்தச் செடியைப் பற்றித்தான் இரண்டாவது டெஸ்டில் கேள்வி: நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் நடுவில் சாய்வு என்ன? செடி நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. மேலே நான்கு கட்டம், பக்கத்தில் ஒரு கட்டம். நாளை மறந்துவிட்டுக் கட்டத்தை எண்ணிவிட்டாள். இரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில் நான்கு என்று எழுதிவிட்டாள். அந்த ஒரு கேள்விக்கு நான்கு மதிப்பெண். பதினேழுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் அவ்வளவுதான்.

சிஞ்சு டீச்சர் அதைத்தான் திருத்தியிருந்தார். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் நாம் சாய்வு என்று படிப்பதை மலையாளத்தில் சரிவு என்பார்கள். ஏறுகிற கோட்டுக்கும் சரிவுதான், இறங்குகிற கோட்டுக்கும் சரிவுதான். ‘சரிவு கூடுதல்’ என்றால், நீ கணக்கிட்ட சாய்வு இருக்க வேண்டியதைவிட அதிகம் என்று அர்த்தம். எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுப் ப்ளஸ் ஒன்னுக்குப் போன எல்லாரும் இதில் ஒருமுறையாவது வழுக்கியிருப்பார்கள். நானும்தான். முதல் வாரத்தில் ஆசிரியர் ஒரு கோட்டைப் போட்டு இதன் சரிவைக் கண்டுபிடியுங்கள் என்றார். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற கோட்டில் சரிவை எங்கே தேடுவது? பக்கத்தில் இருந்தவளைக் கேட்க வெட்கப்பட்டு அந்தப் பீரியட் முழுவதும் தேடினேன்.

அப்படியென்றால் செவ்வாய்க்கிழமையே தனபாலிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். சொல்லத் தொடங்கினேன், பார்த்தீர்கள். நான் வாயைத் திறந்து வாக்கியத்தை ஒழுங்குபடுத்துவதற்குள் அவர் மைனஸ் மூன்றுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குமேல் நான் பேசவில்லை. இவரிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். எதை வைத்து? அதற்குமுன் ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் அவரைப் பார்த்திருந்தேன். தண்ணீர்த் தொட்டிக் குழாய் இரண்டு முறை ஒழுகியதை வைத்து, இப்படியே போனால் பள்ளிக்கூடத்துக்குப் பரிசலில்தான் பிள்ளைகளை அனுப்ப வேண்டும் என்று அன்றைக்குப் பேசியவர் அவர். அது ஒன்று. செவ்வாய்க்கிழமை ஒன்று. எனக்குப் போதுமானதாக இருந்தது.

புதன்கிழமை சிஞ்சு டீச்சரிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஐயோ, நான் ஸ்லோப்பல்லே எழுதினது!” என்று நெற்றியில் கை வைத்துச் சிரித்தார். நல்ல மனுஷி. நீங்களே தனபாலிடம் ஒருமுறை பேசிவிடுங்கள் என்றதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “வேண்டாம் கேட்டோ. போன வருஷம் தமிழ் மீடியத்துல இருந்து வந்த ரெண்டு குட்டிகள் குரூப் மாறிப் போயி. இதும் போகும். இப்பவே போனா அதுக்கு நல்லது.”

இரண்டு குட்டிகள், அதாவது இரண்டே பிள்ளைகள். எண்ணிக்கொள்ளுங்கள். நான் சொன்னேனே, எருத்தேன்பதி மண்ணுக்கு மட்டும் ஒத்துவருகிற பயிர் இல்லை என்று.

வியாழக்கிழமை மத்தியானம் தனபால் மறுபடி வந்தார். “குடுத்தாச்சுங்களா டீச்சர்?”

“இன்னும் இல்லைங்க. ஒரு கணக்கு பாக்கி. நீங்க கொஞ்சம் போட்டுத் தர்றீங்களா?”

இரண்டு புள்ளிக்காரரிடம் கணக்கு என்று சொல்லிப் பாருங்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அனுப்பிரியாவின் வரைபடத்தை எடுத்து, இரண்டு பக்கமும் நோட்டால் மறைத்து, நடுவில் இரண்டு புள்ளி மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். நாலாம் நாள் மூணு சென்டி, ஆறாம் நாள் ஏழு சென்டி என்று சொன்னேன்.

“இது ஒரு கணக்குங்களா? ரெண்டு நாளைக்கு நாலு. நாளுக்கு ரெண்டு.”

“இப்படியே போனா?” என்றேன்.

அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்ததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்! விரல் எழுந்துவிட்டது. “மாசத்துக்கு அறுவது. வருசத்துக்கு எழுநூத்தி முப்பது சென்டிங்க. ஏழு மீட்டருக்கும் மேல. அப்படின்னா...” விரல் மின்விசிறியை நெருங்கியது. “இருவத்தி நாலு அடிங்க டீச்சர்! என்ன மரமுங்க இது? சவுக்கா?”

“தட்டைப்பயறுங்க.”

விரல் அங்கேயே நின்றது.

“தட்டப்பயறா?” அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “தட்டப்பயறு பறிக்க ஏணி வெக்கோணுமுங்களா? மொளைச்ச புதுசுல அது விசுக்குனு ஏறுமுங்க. அப்பறம் நெதானமாயிரும். பூ வெச்சா ஏறறதையே நிறுத்திரும். இதுகூடத் தெரியாமயா கணக்குப் போடச் சொல்றீங்க?”

“எனக்குத் தெரியாதுங்க அண்ணா. எங்கிட்ட ரெண்டு புள்ளிதான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு நோட்டுகளை எடுத்தேன். தரையை ஒட்டித் தொடங்கி, திடீரென்று எழும்பி, மேலே போகப்போகச் சாய்ந்து படுக்கிற அவர் மகளுடைய கோடு முழுவதும் தெரிந்தது. தனபால் விரலால் அந்தக் கோட்டை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். சிரிப்பு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

“சரிவுன்னா மலையாளத்துல சாய்வுங்க,” என்றேன். செவ்வாய்க்கிழமை விட்ட வாக்கியத்தை இந்தமுறை முடித்துவிட்டேன். “கோடு எவ்வளவு சாஞ்சு நிக்குதுங்கறது. ஏறினாலும் அதுக்குப் பேரு சரிவுதான்.”

“ஏறினாலும் சரிவுங்களா?”

“ஆமாங்க. இந்தச் செடி நெசமா ஏறறதைவிட வேகமா ஏறுதுன்னு உங்க பொண்ணு எழுதிட்டா. அதைத்தான் கூடுதல்னு எழுதியிருக்காங்க.”

“அடக் கெரகமே!” என்றார். “அவ அதைப் படிச்சுட்டு அழுதாளுங்க. நானும் ரெண்டு நாளா அவகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல.” தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் இனம் அவ்வளவு சுலபத்தில் மாறிவிடுமா? இரண்டு நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டார். “இருந்தாலும் நாலு மார்க் போனது போனதுதானுங்களே டீச்சர். மூணாவது டெஸ்ட் எப்பங்க?”

“திங்கக்கிழமை.”

“ஃபாரம் நாளையோட முடிஞ்சுருதே.”

“ஆமாங்க. அதுக்கப்பறம் மாத்த முடியாது.”

அதுதான் சிக்கல். மூன்றாவது புள்ளி எப்போதும் கடைசித் தேதிக்கு அடுத்த வாரம்தான் வரும். அது பள்ளிக்கூடத்தின் குற்றம் இல்லை. உலகமே அப்படித்தான் நேரம் குறித்து வைத்திருக்கிறது. மேசைமேல் நான்காக மடித்த தாள் இருந்தது. அவர் அதை எடுத்தார், பிரித்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், மறுபடி மடித்தார். எழுந்து நின்று என்னிடம் ஒன்று கேட்டார்.

என்ன கேட்டார் என்று சொல்வதற்குமுன் உங்களிடம் ஒரு விசாரணை இருக்கிறது. முதல் பக்கத்தில் தனபாலின் விரல் மேசைக்கு அடியில் போனதைப் படித்ததும், இவர் எப்படிப்பட்ட ஆள், இந்தக் கதை எங்கே போய் முடியும் என்று உங்களுக்குள் ஒரு கோடு எழுந்ததா இல்லையா? சிஞ்சு டீச்சர் பேசிய ஐந்து வாக்கியத்தை வைத்து அவரை என்னவாக எழுதி வைத்திருக்கிறீர்கள்? ஓயாமல் பேசுகிற ஆள், அவருக்கு எதிரே பேசத் தெரியாத ஒரு டீச்சர் என்று எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஸ்கேல் வைத்தீர்கள் அல்லவா? நானும் அவரை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான், பேசிப் பயனில்லை என்று முழுதாக ஒரு நாளை வீணாக்கினேன். மூன்றாவது முறையாக அவர் தானே நடந்து வராமல் இருந்திருந்தால், என் கோடு சரி என்று இன்றைக்கும் நம்பிக்கொண்டிருப்பேன்.

திங்கட்கிழமை டெஸ்டில் அனுப்பிரியா எவ்வளவு எடுத்தாள் என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் பதினேழு, பதின்மூன்றோடு அதையும் சேர்த்து இப்போதே ஒரு கோடு இழுத்து, அவளை டாக்டராக்கி ஆஸ்பத்திரியிலோ, படிப்பை நிறுத்தி அடுப்படியிலோ கொண்டுபோய் நிறுத்திவிடுவீர்கள். அவள் இன்னும் பயாலஜியில்தான் இருக்கிறாள். இப்போது கட்டத்தை எண்ணுவதற்குமுன் ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறாள். அது போதும்.

தனபால் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். ஆபீசுக்கு என்று நினைத்து எழுந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

“திங்கக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இதை உங்க அலமாரில வெச்சுப் பூட்டிருங்க டீச்சர். நாளைக்கு வண்டி கிண்டி தாமதமாகி எம்மனசு என்னமாவது கணக்குப் போடும். நானே வந்து கேட்டாலும் குடுத்துராதீங்க.”